'போர்டு போயிடுச்சு'ன்னு சொல்லிட்டாங்களா? பழைய லேப்டாப்பைப் பரண்ல ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆன் ஆகாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் சார்ஜரைச் சொருகுகிறார், பவர் பட்டனை இரண்டு முறை அழுத்துகிறார், திரையை ஒரு பார்வை பார்க்கிறார். ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. "போர்டு போயிடுச்சுங்க. மாத்துற காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா புதுசே வாங்கிடலாம்."

நாமும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பையோடு சேர்த்து அதைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒருமுறை கண்ணில் படும். தூக்கிப் போடவும் மனசு வராது, திரும்பக் கடைக்குக் கொண்டுபோகவும் தோன்றாது.

நம் ஊரில் இந்தப் பரண் கொஞ்சம் பெரியது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் தமிழக மாணவர்களின் கைகளுக்குப் போயின. ஏராளமான குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். புதுச்சேரி அரசும் தன் பங்குக்கு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்திருக்கிறது. நெல்லித்தோப்பில் வாடகைக்கு இருக்கும் பலருக்குச் சொந்த ஊர் திண்டிவனமாகவோ பண்ருட்டியாகவோ இருக்கும். அதனால் தமிழக அரசின் லேப்டாப் பையையும் இங்கே மாடிப்படிகளுக்கு அடியில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இது போதாதென்று 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். 2017-க்கு முன் வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை இதில் தேறாது. ஆக, பழுதானவை ஒருபக்கம், நன்றாக ஓடினாலும் 'காலாவதி' என்று ஒதுக்கப்பட்டவை இன்னொரு பக்கம்.

ஆனால், ஒரு லேப்டாப் மொத்தமாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம்தான் போயிருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போர்டு என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். நம் ஊரில் அவரைத்தான் முதலில் பிடித்து உள்ளே போடுகிறார்கள்.

சென்டாக் நேரத்தில் செத்துப்போன லேப்டாப்

சென்ற ஆண்டு கோடையில் நடந்தது இது. நெல்லித்தோப்பில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அக்கா குடும்பம். அவர் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். புதுச்சேரியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த இரண்டு மாதமும் ஒரே பேச்சுதான்: சென்டாக். கல்லூரிச் சேர்க்கைக்கான ஆன்லைன் விண்ணப்பம். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் அக்கா முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்திருந்தார், 2013-ல் வாங்கிய லேப்டாப்பில். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது அது கண்ணை மூடிவிட்டது. பவர் விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. கடையில் கொடுத்தார்கள். வழக்கமான தீர்ப்புதான். "போர்டு."

"சர்டிபிகேட்டைத் திரும்ப ஸ்கேன் பண்ணிக்கலாம் தம்பி. பாப்பாவோட முதல் பொறந்தநாளிலிருந்து எல்லா போட்டோவும் அதுலதான் கெடக்கு. அதை எங்க போய் ஸ்கேன் பண்றது?" என்றார் அக்கா.

நான் இன்ஜினீயர் இல்லை. டிப்ளமோ படித்ததும் ஜர்னலிசம்தான். ஆனால், லேப்டாப் பழுது பார்ப்பதில் முதல் பாதிக்கு இன்ஜினீயரிங் தேவையில்லை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வரும் பொறுமை போதும்.

முதலில் சார்ஜர். பழைய லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலானவை 19 அல்லது 20 வோல்ட் கொடுக்கும். எவ்வளவு என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருப்பார்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் அந்த அளவு வருகிறதா என்று பார்த்துவிடலாம். அக்கா வீட்டுச் சார்ஜரில் சரியாக வந்தது. சார்ஜர் பின்னின் நடுவில் ஊசி போன்ற ஒரு கம்பி இருக்கும் மாடல்கள் உண்டு. 'நான் கம்பெனி சார்ஜர்தான்' என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்லும் வேலை அதற்கு. அது உடைந்தாலும் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குகிறவர்கள் நிறைய.

அடுத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது. உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். இது மந்திரம் மாதிரி தெரியும். ஆனால், 'செத்துப்போன' லேப்டாப்களில் சில இதிலேயே எழுந்து உட்காரும். அக்கா வீட்டு லேப்டாப் எழவில்லை.

திரைதான் போய்விட்டதோ? ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பார்த்தோம். டிவியிலும் படம் வரவில்லை. டிவியில் வந்திருந்தால் பழுது திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது, போர்டு நலம் என்று அர்த்தம். அந்தக் கேபிள் மூடியின் கீல் வழியாகத்தான் போகும். ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும்போது அங்கேதான் அறுந்துபோகும். லேப்டாப்பை ஒரு பக்க மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், இன்றே நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள்.

அதற்கு மேல் திறந்துதான் ஆக வேண்டும். திறப்பதற்கு முன் ஒரு சமையலறை யோசனை: இட்லித் தட்டு. லேப்டாப் திருகுகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும், நீளம் மட்டும் வேறு வேறு. குட்டைத் திருகு இருந்த ஓட்டையில் நீளத் திருகை ஏற்றினால் அது போர்டையோ கீபோர்டையோ குத்திக் கிழித்துவிடும். எந்தப் பக்கம் கழற்றியதோ அதை அந்தக் குழியில் போட்டு வைத்தால் குழப்பமே இல்லை. பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி ஒயரைப் பிடுங்குவது. மற்றதெல்லாம் பிறகு.

ரப்பர் கொடுத்த பதில்

கீழ்மூடிக்கு அடியில் ராம் இருந்தது. இரண்டு பட்டைகள், ஒவ்வொன்றும் 2 ஜிபி. இரண்டையும் கழற்றிவிட்டு, காலியாகவே ஆன் செய்து பார்த்தோம். இப்படிச் செய்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், எனக்குத் தெரிந்த சோதனைகளிலேயே இது மிகவும் பிடித்தது. ராம் இல்லாமல் ஆன் செய்தால் பல லேப்டாப்கள் 'பீப், பீப்' என்று கத்தும், சில மாடல்கள் விளக்கைச் சிமிட்டும். அப்படிக் கத்த வேண்டுமானால் பிராசஸர் ஓட வேண்டும், போர்டில் மின்சாரம் சரியாகப் பாய வேண்டும், பயாஸ் உயிரோடு இருக்க வேண்டும். அதாவது, "என் ராம் எங்கே?" என்று போர்டு கேட்கிறது. செத்த போர்டு கேள்வி கேட்காது.

அக்கா வீட்டு லேப்டாப் கத்தியது. மூன்று நீள பீப்.

(உங்கள் லேப்டாப் கத்தாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். சத்தமே போடாத மாடல்களும் இருக்கின்றன. கத்தினால் நல்ல செய்தி, கத்தாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.)

ராம் பட்டையின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அதை எடுத்துப் பார்த்தால் மங்கிக் கிடந்தது. பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தோம். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது, அது தங்கப் பூச்சையே உரித்துவிடும். ரப்பர் தூளை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு பட்டையை மட்டும் மாட்டினோம். திரை வெளிச்சமானது. இரண்டாவதை மாட்டினால் மறுபடியும் கறுப்பு. ஆக, ஒரு ராம் போயிருக்கிறது, இன்னொன்று அழுக்கு. 'போர்டு' வழக்கு அங்கேயே தள்ளுபடி.

பற்கள் ஏன் மங்குகின்றன? நெல்லித்தோப்பிலிருந்து கடற்கரை இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். உப்பில் உள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கும். போர்டின் ஓரங்களில் பச்சை நிறத்தில் பூத்திருப்பது அதுதான். கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் அதே வேகம் லேப்டாப்புக்குள்ளும் உண்டு. மாதக்கணக்கில் மூடியே வைத்திருக்கும் லேப்டாப்பை இது இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் தன் சூட்டிலேயே ஈரத்தைக் கொஞ்சம் விரட்டிவிடும். அந்த வகையில் பரண் அதற்கு ஆகவே ஆகாத இடம்.

தேதியைப் பாருங்கள்

திரை வந்தது, ஆனால் கதை முடியவில்லை. மூலையில் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கும். சிமாஸ் பேட்டரி என்பார்கள். பல மாடல்களில் அது சிஆர்2032, 3 வோல்ட், சுவர்க் கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். அது தீர்ந்தால் லேப்டாப்புக்கு நேரம் மறந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் திறக்காது. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்கு ஆரம்பத் தேதியும் முடியும் தேதியும் உண்டு. 2012-ல் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புக்கு, இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று பயமுறுத்தும். வைரஸ் வந்துவிட்டது என்று நினைத்து ஃபார்மட் அடித்தவர்கள் இருக்கிறார்கள். குற்றவாளி அந்தச் சின்ன பேட்டரிதான்.

அடுத்தது பெரிய பிரச்னை. விண்டோஸ் பாதி வரை வந்து நின்றது. திரும்ப ரீஸ்டார்ட். மறுபடியும் பாதி. காதை வைத்துக் கேட்டால் உள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். இந்தச் சத்தம் கேட்டால் அதற்கு மேல் சும்மா சும்மா ஆன் செய்து பார்க்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது, அதன்மேல் முடியைவிட நூல் மெல்லிய இடைவெளியில் ஒரு முள் ஓடுகிறது. அந்த முள் இடம் தெரியாமல் தடுமாறும் சத்தம்தான் அது. எத்தனை முறை ஆன் செய்கிறீர்களோ, அத்தனை முறை போட்டோக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன.

இங்கேதான் லினக்ஸ் கைகொடுத்தது. லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றிவிடலாம். பிறகு அந்தப் பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. இதனால் இரண்டு லாபம். பென் டிரைவில் லேப்டாப் நன்றாக ஓடினால் போர்டு, ராம், திரை, கீபோர்டு எல்லாம் நலம், பழுது ஹார்ட் டிஸ்க்கில்தான் என்பது உறுதி. இரண்டாவது, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கலாம்.

எடுப்பதிலும் ஒரு வரிசை வேண்டும். சாகப்போகும் டிஸ்க் எந்த நிமிடமும் நிற்கும். அதனால் மொத்த ஃபோல்டரையும் ஒரே இழுப்பாகக் காப்பி செய்யக் கூடாது. முதலில் சான்றிதழ்கள், எல்லாம் சேர்ந்து 10 எம்பிகூட இல்லை. அடுத்து பழைய வருடங்களின் போட்டோக்கள், ஏனென்றால் அவை போனில் இல்லை. புதிய போட்டோக்கள் எப்படியும் யாருடைய வாட்ஸ்அப்பிலாவது இருக்கும். சினிமா, பாட்டெல்லாம் கடைசி. ஒருவேளை டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதாவது பிட்லாக்கர் போட்டிருந்தால், சாவி எண் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

சான்றிதழ்கள் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டன. போட்டோக்களுக்கு ராத்திரி ஒன்றரை மணி ஆனது. 2015-ல் இரண்டு மாதத்துப் படங்கள் மட்டும் திறக்கவே இல்லை. பாப்பாவின் முதல் பிறந்தநாள் வந்துவிட்டது. மறுநாள் காலை சென்டாக் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தை அதுவே பதிவு செய்து வைத்திருக்கும். 'ஸ்மார்ட்' என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்த்தால் நீலமாக இருந்தால் நலம், மஞ்சளாக இருந்தால் உடனே காப்பி எடுங்கள். லேப்டாப் நன்றாக ஓடும்போதே மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது, சுகர் டெஸ்ட் எடுப்பது மாதிரி.

டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டோம். அதே அளவு, அதே சொருகும் இடம், நான்கு திருகு. பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு செலவு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். சுற்றும் தட்டே இல்லாததால் திறக்க மூன்று, நான்கு நிமிடம் எடுத்துக்கொண்ட லேப்டாப் அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. ராமும் ஒன்று பழையதாக வாங்கினோம். வாங்கும்போது கையில் பழைய பட்டையை எடுத்துப் போக வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றி மாட்ட முடியாது. சிமாஸ் பேட்டரி, பேஸ்ட் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது அந்த விலைக்கு முடியுமா என்றால் சந்தேகம்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை உலகம் முழுக்கவே ஏறிவிட்டது. பரணில் கிடக்கும் செத்த லேப்டாப்பின் நல்ல ராமுக்குக்கூட இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

பேஸ்ட் எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் முடிந்த பிறகும் இருபது நிமிடம் ஓடினால் லேப்டாப் தானாக அணைந்தது. ஃபேனைக் கழற்றினால், அதற்கும் சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவில் மெத்தை போல ஒரு பஞ்சுப் படலம். கட்டில் மேல் வைத்துப் பன்னிரண்டு வருடம் பார்த்த சீரியல்களின் கணக்கு அது. பிராசஸர் ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும். பஞ்சை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தோம். புளோயர் அடிப்பவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

செய்யவே கூடாதவை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. நகரின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த லேப்டாப்களும் நனைந்தன. நனைந்த லேப்டாப்பைக் கொல்வது தண்ணீரைவிட, 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று போடும் சுவிட்ச்தான். ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதுதான் ஷார்ட் ஆகும், அரிப்பும் வேகமாகும். பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்த 'வி' மாதிரி கூடாரம்போல நிற்க வைத்து, ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். அரிசி மூட்டையில் புதைப்பது வேண்டாம், அரிசித் தூள் உள்ளே போய் ஒட்டும். ஹேர் டிரையர் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். காய்ந்த பிறகும் அழுக்குத் தண்ணீரின் உப்பு போர்டிலேயே இருக்கும். கடையில் கொடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவச் சொல்லுங்கள். காபி, டீ, மோர் கொட்டினாலும் இதேதான்.

உப்பிய பேட்டரி. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, லேப்டாப் மேஜைமேல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று விடவும் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். சார்ஜர் கரன்ட்டில் மட்டுமே ஓடும் மாடல்கள் நிறைய, பேட்டரியைக் கழற்றிவிட்டே பயன்படுத்தலாம்.

இன்னொன்று, ஹாட் ஏர் அடிப்பது. போர்டுதான் போயிருக்கிறது என்று உறுதியானால், சில இடங்களில் சிப்பைச் சூடாக்கித் தருவார்கள். லேப்டாப் ஓடவும் செய்யும். பல நேரம் சில வாரம்தான். ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்குத் தடை வந்தபோது, உலகமே ஈயம் இல்லாத பற்றவைப்புக்கு மாறியது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால், அந்தக் காலத்துப் பற்றவைப்பு சூடாகி ஆறி, சூடாகி ஆறி விரிசல் விடுவதாகப் புகார்கள் வந்தன. 2008-ல் என்விடியா நிறுவனமே தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்களில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்புக்குள்ளேயே இருக்கும் விரிசலை வெளியிலிருந்து சூடுகாட்டிச் சரிசெய்ய முடியாது. தற்காலிகமாக ஒட்டும், அவ்வளவுதான். உங்கள் கடைக்காரர் சூடுகாட்டித் தருவதாகச் சொன்னால் எத்தனை மாத கேரன்டி என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

பிரான்ஸிலிருந்து வந்த மார்க்

புதுச்சேரிக்கே உரிய ஒரு ரகம் உண்டு. பிரான்ஸில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது விட்டுவிட்டுப் போகும் லேப்டாப். அதன் கீபோர்டில் முதல் வரிசை கியூ, டபிள்யூ என்று தொடங்காது. ஏ, இஸட், இ, ஆர், டி, ஒய் என்று தொடங்கும். கீபோர்டு போனால் அதே எழுத்து வரிசையில் இங்கே கிடைப்பது கஷ்டம். ஆனால், அதே மாடலின் இந்திய கீபோர்டு பல சமயம் அப்படியே பொருந்தும், செட்டிங்ஸில் மொழியை மாற்றினால் போதும். இன்னொரு விஷயம், அந்தச் சார்ஜரின் உருண்டைப் பிளக் நம் சாக்கெட்டில் நுழைந்துவிடும், எர்த் மட்டும் சேராது. உலோக மூடியைத் தொட்டால் கையில் 'சுருசுரு' என்று இருப்பது அதனால்தான். எர்த் உள்ள இந்திய ஒயரை மாற்றிவிடுங்கள்.

அந்த மாமாவிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் கடையில் விற்கும் லேப்டாப்பின் விலைக்குப் பக்கத்திலேயே ஒரு மார்க் போட்டிருக்க வேண்டும். பத்துக்கு எவ்வளவு என்று. அழகுக்கோ வேகத்துக்கோ கொடுக்கும் மார்க் இல்லை அது, பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்பதற்கு. கழற்றுவது எளிதா, உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், என்ன விலை, ரிப்பேர் விவரங்களைக் கம்பெனி தருகிறதா... எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண். வாங்கும்போதே பழுதைப் பற்றி யோசிக்க வைக்கும் ஏற்பாடு.

இந்தியாவில் 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ் விவரம், கையேடு, வாரன்டி எல்லாம் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பிரான்ஸ் போல மார்க் போடும் முறை மொபைல்களுக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் வேண்டும் என்று ஒரு குழு 2025 மே மாதம் அந்தத் துறையிடம் அறிக்கை கொடுத்திருக்கிறது. அது கடை அலமாரிக்கு வரும்வரை, புது லேப்டாப் வாங்கும்போது நாமே கேட்க வேண்டியதுதான்: ராமைக் கழற்ற முடியுமா, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறதா? மெல்லிசாக இருக்கும் புதிய மாடல்கள் பலவற்றில் பற்றவைத்துவிடுகிறார்கள். நம் ரப்பர் வைத்தியம் அதில் செல்லாது.

விண்டோஸ் இல்லாமல்...

அக்கா வீட்டு லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏறாது. பென் டிரைவில் இருந்த லினக்ஸையே எஸ்எஸ்டியில் நிறுவிவிட்டோம். முதல் வாரம் "அந்த ஈ-யை எங்க காணோம்?" என்று தேடினார்கள். பிரவுசரைத் திறந்ததும் பழகிவிட்டது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் ஆரம்பகால விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள்தான் அதிகம். தமிழிலேயே லினக்ஸ் கற்றுக்கொள்ள 2012-ல் தொடங்கிய 'கணியம்' இருக்கிறது, இலவசம்தான். டேலி, சில வங்கி மென்பொருள் போன்றவை விண்டோஸில்தான் ஓடும் என்பவர்களுக்கு இது சரிவராது. படிப்பு, விண்ணப்பம், யூடியூப், கடிதம் என்றால் தாராளம்.

எல்லா லேப்டாப்பையும் காப்பாற்ற வேண்டியதில்லை. போர்டு நிஜமாகவே போய், திரையும் உடைந்து, கீலும் கழன்றிருந்தால் அதற்குச் செலவழிப்பது வீண். ரிப்பேர் செலவு, அதே மாதிரி செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திக்கொள்வேன். கடையில் பாகம் மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மாற்றியது உண்மைதானா என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

கடைசியில் கழிப்பது என்று முடிவெடுத்தால் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகள்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவதும் அதே கணக்கில்தான் வரும். எங்கே கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், பிள்ளைகள் போட்டோ எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நான்கு திருகுதான்.